துரைசாணி ஓடிய நாள்

எங்கள் தெருவில் கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு இன்ஜின் ஓடாது. ஓடக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஓடாது, அவ்வளவுதான். தெருவே சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும். ராயபுரத்தில் தெருவுக்கா பஞ்சம், காருக்கா பஞ்சம்? ஆனால் பெண்ணைக் காரில் உட்காரவைத்துத் தள்ளுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாங்களும் சிரித்துக்கொண்டேதான் தள்ளுகிறோம்.

காரின் பெயர் துரைசாணி. கம்பெனிப் பெயர் போட்ட வில்லை எந்தக் காலத்திலோ உதிர்ந்துவிட்டதால் தெரு வைத்த பெயர்தான் நின்றது. துறைமுகத்தில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குக் கப்பலேறும்போது, தன்னிடம் வேலை பார்த்த தாமஸிடம் விட்டுப்போன வண்டி. உருண்டை முகம், திகைத்துப்போன மாதிரி இரண்டு விளக்கு, பாசிப்பச்சை நிறம். உள்ளே நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஐந்தாவதாக ஒருத்தர் ஏறினால் யாராவது ஒருத்தர் மூச்சு விடக்கூடாது.

தாமஸின் மகன் அருள்பிரகாசம் ஃப்ளோரன்ஸைக் கட்டிய அன்றுதான் இந்த வழக்கம் பிறந்தது. மாப்பிள்ளை கோயிலில் காத்திருக்க, பெண்ணை அழைத்துவரத் தாமஸ் வண்டியை எடுத்துப் போனார். ஐஸ் கம்பெனி முனைக்கு வந்ததும் துரைசாணி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனாள். தாமஸ் இறங்கி பானெட்டைத் திறந்து பார்த்தார். பார்த்தாரே ஒழிய என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் கடலிலிருந்து கரையேறி வந்த கோதண்டம், ஈர லுங்கியும் கவிச்சியுமாக, மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு வலது பின் மட்கார்டில் கையை வைத்தார். "இன்னாத்துக்கு நைனா உள்ள தலைய வுட்டுகினு கீற? ஏறிக் குந்து, தள்றோம்" என்றார். அடுத்த நிமிஷம் தெருவே கை வைத்தது. ஃப்ளோரன்ஸ் சிரித்துச் சிரித்துக் கோயில் வாசலில் இறங்கியபோது முக்காட்டில் ஒரு மீன் செதில் மின்னியது. செதிலோடுதான் தாலி ஏறியது. குடும்பமும் நன்றாக அமைந்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா?

அதற்குப் பிறகு தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் துரைசாணிதான். மாதா கோயிலுக்கும் அவள்தான், அம்மன் கோயிலுக்கும் அவள்தான். கோதண்டத்தின் மகள் ஜோதிகாவும் அதில்தான் போனாள். இன்ஜின் ஒருநாள் அடியோடு மூச்சை விட்டபோதுகூட யாரும் வருத்தப்படவில்லை. தள்ளுகிற வண்டிக்கு அது எதற்கு? தள்ளுகிறவர்களுக்கு ஆளுக்கொரு இடம் உண்டு. வலது பின் மட்கார்டு கோதண்டத்துக்கு. அதில் வேறு யார் கை வைத்தாலும் சண்டைதான். பம்பர் வாலிபர்களுக்கு. மீன் விற்கிற பூவம்மா கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள், தள்ளமாட்டாள்; ஆனால் கோயில் வாசலில் எல்லாரையும்விட அதிகமாக மூச்சு வாங்குவது அவள்தான். தாமஸுக்குப் பிறகு ஸ்டியரிங் அருள்பிரகாசத்துக்கு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அங்கேயும் உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்துதான் வேலை, இங்கேயும் உட்கார்ந்துதான்.

இப்போது அருள்பிரகாசத்தின் ஒரே மகள் சில்வியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஜோ, எண்ணூர்ப் பையன், அனல்மின் நிலையத்தில் வேலை. நல்ல பையன். அவனுடைய சித்தப்பா டெரிக்குக்குத்தான் வாய் நீளம். நிச்சயதார்த்தத்தன்று பிரியாணியை மென்றுகொண்டே, "பொண்ணு தள்ளுவண்டிலயா வருது? அப்ப பஞ்சு முட்டாயும் எட்துகினு வாங்கோ" என்று சொல்லிவிட்டார். பந்தியே சிரித்தது. அருள்பிரகாசமும் சிரித்தார். வீட்டுக்கு வந்தபிறகு சிரிக்கவில்லை.

தடைக்காலம் அது. சித்திரையிலும் வைகாசியிலும் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளைக் கரையில் கட்டிவிடுவார்கள். காசிமேட்டில் படகுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சும்மா நிற்கும். ஆண்கள் வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், மீதி நேரத்தில் வீட்டுப் பெண்களிடம் திட்டு வாங்குவார்கள். வெயில் மண்டையைப் பிளக்கும். மத்தியானம் கடல்காற்று வந்த பிறகுதான் தெருவுக்கு உயிர் வரும். கல்யாணங்களை இந்தச் சமயத்தில்தான் வைப்பது, தள்ள ஆள் கிடைக்கும் என்று.

அந்தத் தடைக்காலத்தில்தான் கோதண்டத்தின் மகன் வெற்றி ஒரு எஸ்யூவி வாங்கிவந்தான். இறால் கொள்முதல் வேலையில் திருவொற்றியூருக்கும் மீஞ்சூருக்கும் அலைகிறவன். வெள்ளை வண்டி, ஏழு பேர் உட்காரலாம். தெருவுக்குள் அது நுழைந்தபோது இரண்டு பக்கமும் பைக்குகளை நகர்த்த வேண்டியிருந்தது. கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. பூசை போட்ட கையோடு முன் சீட்டில் ஏறினார். ஏறும்போது, கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றித் தெருவிலேயே விட்டுவிட்டு ஏறினார். மீஞ்சூரில் இறங்கியபோதுதான் காலைப் பார்த்தார். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு குதித்ததை வெற்றியே வந்து சொல்ல, அருள்பிரகாசம் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இருவரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேர்ந்து அத்தோ சாப்பிடுகிறவர்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் எங்கள் பக்கத்துக்குக் கொண்டுவந்த நூடுல்ஸ் அது; வெங்காயமும் புளித்தண்ணியும் வறுத்த பூண்டும் போட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் சாப்பிட்டுவிட்டு வந்து, காலி ஐஸ் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே துரைசாணியும் எஸ்யூவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் கூரை இன்னொன்றின் கண்ணாடிக்குத்தான் எட்டியது.

"ஏசி போட்டா மார்கயி மாசம்டா மச்சான்" என்றார் கோதண்டம். "இன்னிக்கு மங்கை போர்வ கேட்டா, பாத்துக்கோ."

"எங்க துரைசாணில கண்ணாடிய எறக்குனா கடல் காத்து. கருவாட்டு வாசன சொம்மாவே வரும்."

"பொறத்தாண்ட போவ சொல்லோ டிவில காட்டுது. கோயி குறுக்க வந்தா கூட தெரியுது."

"எனக்கு கய்த்து கீது. திரும்பிப் பாப்பேன்."

"ஒரு பொம்பள வயி சொல்றாடா. லெப்ட்ல போ, ரைட்ல போன்னு."

"வூட்ல மங்கை சொல்றது பத்தலயா உனுக்கு?"

மாடிப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கோதண்டத்தின் மனைவி மங்கை, "ஆமா, நான் சொல்லி இவுரு திரும்பிட்டாலும்" என்றாள். நாலு பேர் கூடிவிட்டார்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் சத்தமாகப் பேசினால் அது பொதுக்கூட்டம்தான்.

"எங்கனா மோதிட்டா பலூன் வரும்டா. மூஞ்சில அடி படாது" என்றார் கோதண்டம்.

"துரைசாணி மோதற அளவுக்கு என்னிக்கிடா ஓடினா?"

கோதண்டமே சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில், நல்ல மனசோடுதான், அதைச் சொன்னார். "அருளு, சில்வியா கல்யாணத்துக்கு இத்த எட்துக்கோ. வெற்றி ஓட்டுவான். சோக்கா ஏசில போய் எறங்கட்டும் என் மருமவ. அந்த எண்ணூராளு வாயும் மூடிக்கும்."

புண்ணில் கை பட்ட மாதிரி ஆகிவிட்டது அருள்பிரகாசத்துக்கு. அத்தனை பேர் முன்னால் எண்ணூர்க்காரர் பேச்சை எடுத்திருக்க வேண்டாம்.

"எங்க வண்டிக்கு இன்னாடா கொற?"

"கொறன்னு யார்ரா சொன்னா? மெய்யாலுமே ஆசையா சொல்றேன்."

"உன் வண்டி நடு ரோட்ல நின்னுச்சுனா இன்னா பண்ணுவ? தள்ளுவியா?"

"தள்றேன்."

"தள்ளு பாப்போம். இப்ப தள்ளு."

கோதண்டம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். எஸ்யூவியின் பின்னால் போய் நின்றவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எல்லாம் வழவழப்பு, வைத்த கை வழுக்கியது. இன்னும் ஐந்து பேரைக் கூப்பிட்டுக்கொண்டார். "ஏலேலோ" என்று தம் கட்டினார்கள். பூட்டிய வண்டி, மலை மாதிரி நின்றது. மறுபடி தம் கட்டியதும் விளக்கெல்லாம் மின்ன, ஊளையிட ஆரம்பித்தது. தெரு நாய்கள் சேர்ந்துகொண்டன. உள்ளே குளித்துக்கொண்டிருந்த வெற்றி, தலையில் சோப்பு நுரையும் இடுப்பில் துண்டுமாகச் சாவியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"வண்டிக்கு ரொம்பக் கூச்சம்பா" என்றாள் பூவம்மா. "தொட்டா அலறுது."

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் அருள்பிரகாசம். சிரிக்காதவர் கோதண்டம் ஒருவர்தான். துண்டோடு நின்ற மகனைப் பார்த்தார், மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டார்.

"என் புள்ள மொத மொத வாங்கின வண்டிடா அருளு. தெருவே சிரிக்குது. நீயும் சிரிக்கிற."

"உன்ன யாரு என் வூட்டுக் கல்யாணத்துல மூக்க நொயைக்க சொன்னது?"

"உன் வூடா? எப்பலேர்ந்துடா உன் வூடு, என் வூடு?"

"இப்பலேர்ந்து. உன் வண்டியும் வாணாம், உன் கையும் வாணாம். என் துரைசாணி தானா ஓடும், பாத்துகினே இரு."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அருள்பிரகாசத்துக்கே உறைத்தது. வாய் விட்டது விட்டதுதான். கோதண்டம் உள்ளே போய்விட்டார்.

ஆண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்களே தவிர, பெண்கள் நிறுத்தவில்லை. மறுநாளே மங்கை கானாங்கெளுத்திக் குழம்பு கொடுத்தனுப்பினாள். பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்று ஃப்ளோரன்ஸ் தேங்காய்ப்பால் சோறு போட்டு அனுப்பினாள். அருள்பிரகாசம் அந்தக் குழம்பை மூன்று முறை ஊற்றிச் சாப்பிட்டார்.

"குயம்பு மட்டும் எறங்குதா தொண்டைல?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"குயம்பு இன்னா பண்ணுச்சு?"

சில்வியா கன்டெய்னர் யார்டு வேலை முடிந்து வந்து, தூசி படிந்த முகத்தோடு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "டாடி, கோயில்ல மூணு வாரம் ஓலை வாசிச்சாங்க. கல்யாணத்துக்கு எதுனா தட கீதான்னு கேட்டாங்க. யாரும் சொல்லல. நான் சொல்லட்டா?"

"இன்னாம்மா?"

"வலது மட்கார்டுல கோதண்டம் மாமா கை இருக்கணும். இல்லாங்காட்டி ஏறமாட்டேன்னு சொல்லல. ஏறுவேன். ஆனா அழுதுகினுதான் ஏறுவேன். நான் பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு மொதல்ல வந்து பாத்தவரு அவுருன்னு நீதான சொல்லுவ?"

அருள்பிரகாசம் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வண்டி ஓடும்மா. யார் கையும் வாணாம்" என்றார். அவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் வறட்டுப் பிடிவாதம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குக் காது கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தோ கடையில் தனியாகப் போய் நின்றார். கடைக்காரர் பழக்கத்தில் இரண்டு தட்டு பிசைந்துவிட்டார். இரண்டையும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க ஏப்பம் விட்டுக்கொண்டு கிடந்தார்.

இன்ஜினைப் பார்க்க ரூஹி வந்தாள். சில்வியாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், அப்பாவோடு சேர்ந்து காசிமேட்டில் படகு இன்ஜின் பார்க்கிறவள். மத்தியானம் தெரு உறங்குகிற நேரத்தில், தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டி உள்ளே அவளும் அருள்பிரகாசமும் வெந்தார்கள். பிளக்கைக் கழற்றித் தேய்த்தாள், பெட்ரோல் டேங்கிலிருந்து செம்மண் மாதிரி துரு அள்ளினாள், எலி கட்டின கூட்டை எடுத்து வெளியே வைத்தாள். பழைய சாமான்களுக்காகப் புதுப்பேட்டைக்கு அருள்பிரகாசம் நடையாய் நடந்தார். கூடவே மட்கார்டுகளுக்குப் புதுப் பெயின்ட்.

"நைனா, பொறத்தாண்ட வலது மட்கார்டுல ஒரு பள்ளம் கீது. தட்டி எடுத்துரட்டா?" என்று கேட்டாள் ரூஹி.

"பெயின்ட் அடிச்சா தெரியாது, வுடு. இன்ஜின பாரு."

ஒருநாள் அது உறுமியது. ஒரே ஒரு உறுமல். தார்ப்பாய் முழுக்கப் புகை. "இன்னா சத்தம்பா அது?" என்று பூவம்மா எங்கிருந்தோ கேட்க, "ஐஸ் கம்பெனி மோட்டாரு" என்று அருள்பிரகாசம் இருமிக்கொண்டே கத்தினார். சந்தோஷத்தில் ரூஹியின் கரிக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ரூஹி கையைத் துடைத்துக்கொண்டே, "ஓடும் நைனா. நிறுத்திட்டா மறுபடி புட்சிக்குமான்னு சொல்ல முடியாது, ஆனா ஓடும்" என்றாள். பிறகு, "ஓடணுமா?" என்றாள்.

அவர் பானெட்டை இறக்கிச் சாத்தினார்.

கல்யாணத்தன்று காலையிலேயே தெரு கூடிவிட்டது. துரைசாணிக்கு வெள்ளை ரிப்பனும் சம்பங்கி மாலையும் போட்டு, பானெட் மேல் ரோஜாக் கொத்து வைத்திருந்தார்கள். முன்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், பின்னால் சலவைச் சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாலிபர்கள். பூவம்மா புதுச் சுங்குடிப் புடவையில் கைப்பிடியைப் பிடித்தாயிற்று. வலது மட்கார்டு மட்டும் காலியாக இருந்தது. யாரும் அங்கே போகவில்லை.

வெள்ளைப் பட்டும் முக்காடுமாக சில்வியா வந்து பின் சீட்டில் உட்கார்ந்தாள். அருள்பிரகாசம் கோட்டும் புது ஷூவுமாக ஸ்டியரிங்குக்குப் போனார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். ஒரு இருமல், இரண்டு இருமல், அப்புறம் துரைசாணி உறுமினாள்!

தெரு வாயைப் பிளந்தது. "ஓடுதுடோய்!" என்று ஒரு கூச்சல் எழுந்தது. விசில் பறந்தது. அருள்பிரகாசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் அவர் ராஜாதான், அதை மறுக்க முடியாது. கிளட்சை விட்டார். வண்டி ஒரு துள்ளல் துள்ளிக் கிளம்பியது. டிரம் அடித்தவர் டிரம்மோடு சாக்கடை ஓரம் தாவினார். பூவம்மா நாலு அடி ஓடிப் பார்த்துக் கைப்பிடியை விட்டுவிட்டு, "யோவ், என்ன வுட்டுட்டுப் போறியே!" என்று கத்தினாள்.

சில்வியா பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தாள். தள்ள வந்தவர்கள் அத்தனை பேரும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் தொங்கவிட்டுக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்கள். அம்மாகூடத் தாம்பாளத்தோடு அங்கேதான் நின்றாள்.

ஐஸ் கம்பெனி முனையில் கோதண்டம் வீடு. வாசற்படியில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு அவர் நின்றிருந்தார். வண்டி வருவதைப் பார்த்ததும் ஒரு படி இறங்கினார். வலது கை தானாக முன்னால் நீண்டது. துரைசாணி புகையைக் கக்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"டாடி, மாமா கைய நீட்டுனாரு."

"பாத்தேன்மா."

"நிறுத்து டாடி."

"நிறுத்துனா திரும்ப எய்ந்திருக்காது கண்ணு" என்றார்.

மெயின் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசைகட்டி நின்றன. இரண்டு லாரிக்கு நடுவில், எஸ்யூவி நினைத்தே பார்க்க முடியாத சந்தில், துரைசாணி நெளிந்து அந்தப் பக்கம் போனாள். லாரி டிரைவர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள். பாட்டும் பேச்சுமாகக் கால் மணி நேரம் போகிற வழி, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மட்டும் நின்றார்கள். டெரிக் வந்து கதவைத் திறந்தார். "பரவாலயே, ஓடுதே வண்டி!" என்றார். காருக்குள் பார்த்தார், பின்னால் வெறும் ரோட்டைப் பார்த்தார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "இன்னாங்க, பொண்ணும் நீங்களும் ஒண்டியா வந்துகிறீங்க? உங்க ஆளுங்க யாரும் இல்லயா?"

அருள்பிரகாசம் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பேண்டு இல்லை, ஃப்ளோரன்ஸ் இல்லை, ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லை. தன் வாழ்நாளில் அந்தக் கோயில் வாசலுக்கு அவர் இப்படி அநாதையாக வந்ததே இல்லை.

இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"டாடி" என்றாள் சில்வியா.

"கதவ சாத்து" என்றார் அவர். "ரவ நேரம் இருங்க சார், ஆளுங்கள இட்டாந்துட்றேன்."

கோயில் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வண்டி வந்த வழியே திரும்பியது. மாப்பிள்ளை ஜோ, "பொண்ணு திரும்பிப் போவுது!" என்று பதறிக்கொண்டு ஓடிவர, சில்வியா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "தோ வந்துட்றேன், எங்கயும் போய்டாத!" என்று கையசைத்தாள். முக்காடு காற்றில் பறக்க அவள் சிரித்த சிரிப்பை அன்று லாரி டிரைவர்களும் பார்த்தார்கள்.

ஐஸ் கம்பெனி முனையில் தெரு ஜனம் வந்துகொண்டிருந்தது. அருள்பிரகாசம் அங்கே வண்டியை வளைத்து, கோயிலைப் பார்க்க நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்தார். துரைசாணி ஒரு குலுக்கு குலுங்கி அடங்கினாள். இறங்கினார். கோட்டில் சம்பங்கி ஒட்டியிருக்க, கோதண்டத்தின் வாசற்படிக்கு நேராகப் போய் நின்றார்.

"வண்டி நின்னுபோச்சுடா" என்றார்.

கோதண்டம் அவரைப் பார்த்தார். "இப்பத்தான ஓடிச்சு?"

"நின்னுபோச்சுன்றேன்ல."

கோதண்டம் படியிறங்கி வந்தார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கொதிக்கிற தகடு அது. கையை எடுக்காமல், ரொம்ப நேரம் யோசிப்பவர் மாதிரி நின்றார்.

"ஆமா" என்றார். "நின்னுதான் போச்சு."

"தள்ளணும்டா மச்சான். என்னால ஒண்டியா முடியாது. வாய் தெரியாம பேசிட்டேன்."

"அத்த வுடு. மருமவ வெயில்ல குந்திகினு கீது, இவன் பேசிகினு கீறான்" என்றார் கோதண்டம். "டேய் வெற்றி, நீ ஏறி ஸ்டியரிங் புடி. இந்தாளு தள்ளட்டும் இன்னிக்கு. இத்தினி வருசமா குந்திகினே வர்றான்."

வெற்றி ஏறி உட்கார்ந்து, "நைனா, இதுல பட்டனே இல்லயே" என்றான். "பட்டன் நாங்கதான்டா, பிரேக்க வுடு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அருள்பிரகாசம் முதல் தடவையாகத் துரைசாணியின் பின்னால் வந்து நின்றார். கோதண்டம் அவர் கையைப் பிடித்து, வலது மட்கார்டின் மேல் கொண்டுபோய் வைத்தார். "இங்க புடி. பள்ளமா கீதுல்ல? கை நல்லா குந்தும்."

புதுப் பெயின்டுக்கு அடியில் அந்தப் பள்ளம் இருந்தது. ஒரு உள்ளங்கை அளவு, விரல்களுக்குக்கூட இடம் விட்டு. எங்கோ இடித்துக்கொண்டதாக அருள்பிரகாசம் இத்தனை காலம் நினைத்திருந்த பள்ளம். தெருவின் எத்தனையோ கல்யாணங்களில் ஒரே கை, ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி இரும்பு வழிவிட்டிருக்கிறது. அதைத் தட்டி எடுக்கச் சொல்லாமல் விட்டது தன் சோம்பேறித்தனம்தான் என்பதை நினைத்து அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழுதேவிட்டார்.

"அயுதுகினே தள்ளு, ஒண்ணும் ஆவாது" என்றார் கோதண்டம், அவர் கைமேல் தன் கையை வைத்து.

பேண்டு முழங்கியது. பூவம்மா கைப்பிடியைப் பிடித்தாள். மெயின் ரோட்டில் லாரி டிரைவர்கள் இரண்டு பேர் லுங்கியோடு குதித்து வந்து பம்பரில் கை வைத்தார்கள். வரிசை எப்படியும் நகரப்போவதில்லை. கோயில் வாசலில் டெரிக் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கடல் வருகிற மாதிரி வந்த ஜனத்தைப் பார்த்துவிட்டு, கோட்டைக் கழற்றி யாரிடமோ கொடுத்துவிட்டு, கடைசிப் பத்தடி அவரும் ஓடிவந்து தள்ளினார்.

"பஞ்சு முட்டாய் எங்கப்பா?" என்று பூவம்மா அவரைக் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டேதான்.

பூசை முடிந்து, தாலி ஏறி, எண்ணூர் மண்டபத்துக்குக் கிளம்பியபோது உச்சி வெயில். வெற்றி ஓடிப்போய் எஸ்யூவியை ஓட்டிவந்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில், ஃப்ளோரன்ஸும் மங்கையும் கடைசியில், அருள்பிரகாசமும் கோதண்டமும் முன் சீட்டு ஒன்றிலேயே நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். "பெல்ட்டு ரெண்டு பேருக்கும் சேந்தா போடுவீங்க?" என்று வெற்றி தலையில் அடித்துக்கொண்டு, அப்பாவை நடுச் சீட்டுக்கு அனுப்பினான். எண்ணூர் ரோடு முழுக்க கன்டெய்னர் லாரி. வெளியே தூசியும் புகையும் அனலும், உள்ளே மார்கழி. சில்வியா ஜோவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். குழி தெரியவில்லை, ஹாரன் கேட்கவில்லை.

"இன்னா மச்சான், எப்பிடி கீது?" என்று பின்னாலிருந்து கோதண்டம் காதோரம் கேட்டார்.

அருள்பிரகாசம் ஏசிக் காற்றில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். "கோயிலுக்குப் போவ அது. கோயில்லேர்ந்து வர்றதுக்கு இது" என்றார். அதோடு அந்த வழக்கு தீர்ந்தது. இன்றைக்கும் எங்கள் தெருவில் அதுதான் தீர்ப்பு.

மண்டப வாசலில் டெரிக் முன்னமே வந்து பன்னீர்ச் சொம்போடு நின்றிருந்தார். கதவைத் திறந்தார். கோதண்டம் வெறுங்காலோடு இறங்கினார், அது எதிர்பார்த்ததுதான். அருள்பிரகாசமும் இறங்கினார். டெரிக்கின் பார்வை கீழே போனதைப் பார்த்து அவரும் குனிந்து தன் காலைப் பார்த்தார். கோட்டு இருந்தது, டை இருந்தது, ஷூ இல்லை.

அதே சமயம் ஃப்ளோரன்ஸின் போன் அடித்தது. பூவம்மா. ஸ்பீக்கர் போடாமலே எல்லாருக்கும் கேட்டது. "ஏ ஃப்ளோரன்ஸு, கோயில் வாசல்ல ஒரு ரப்பர் செருப்பும் ஒரு புது ஷூவும் பக்கத்துல பக்கத்துல கெடக்குதுடி. இவங்க ரெண்டு பேரும் நடந்து போனாங்களா, பறந்து போனாங்களா?"

"உனுக்கு இன்னாடா ஆச்சு?" என்றார் கோதண்டம்.

"நீ கயட்டுன. நானும் கயட்டுனேன்" என்றார் அருள்பிரகாசம்.

வாசல் சிமென்ட் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, "சூடு, சூடு" என்று குதித்துக் குதித்து மண்டபத்துக்குள் ஓடினார்கள்.